சதுரக் கட்டமும் அப்பாவின் போனும்

2018 ஜூன் மாதம், ஒன்பதாம் வகுப்புக்குப் புதுக் கணக்குப் புத்தகம் வந்த நாள். கட்டைப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்து முடிப்பதற்குள் பிள்ளைகள் முகர்ந்து பார்த்தாயிற்று, அட்டையைத் தடவிப் பார்த்தாயிற்று. முன்பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "சார், இந்தக் கட்டம் எதுக்கு சார்? புள்ளிக்கோலம் மாதிரி இருக்கு."

பாடத்தின் தொடக்கத்தில் அச்சாகியிருந்த கியூஆர் கோடைத்தான் அவன் காட்டினான். அரியலூர் மாவட்டத்தில், முந்திரிக்காடு சூழ்ந்த ஊரில் இருக்கிறது எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளி. நான் அங்கே கணக்குப் பட்டதாரி ஆசிரியர். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு, "போன்ல ஸ்கேன் பண்ணா வீடியோ வரும்ப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். யாருடைய போன், எந்த நேரத்தில், எவ்வளவு நெட்டில் என்ற கேள்விகள் எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. அவற்றுக்கு விடை தெரிய மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடத்தையும், அந்தக் கட்டத்தை முதன்முதலாகப் பார்த்த அந்தச் செட் பிள்ளைகளையும் பற்றியதுதான் இந்த நிகழ்வு ஆய்வு.

புத்தகத்துக்குள் வந்த கட்டம்

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கருவிகளுக்குமான கதை 2018க்கு முன்பே தொடங்கிவிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு எல்காட் என்ற அரசு நிறுவனம் வழியாக வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேல் மடிக்கணினிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஊரில் முதல் கம்ப்யூட்டர் எங்கள் பள்ளிப் பெண்ணின் வீட்டில்தான் வந்தது என்று சொல்லக்கூடிய தெருக்கள் இங்கே உண்டு.

புதுப் பாடத்திட்டம் வந்தபோது அடுத்த அடி எடுத்து வைத்தார்கள். 2018–19இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதுப் புத்தகங்கள், மறு ஆண்டு மற்ற வகுப்புகளுக்கு. பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு. கணக்குப் புத்தகத்தில் பாடத்தின் கடைசியில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம்: படி 1, படி 2 என்று படத்தோடு வழிகாட்டி, ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு பயிற்சித்தாளுக்குக் கொண்டுபோய் விடும். வீடியோக்கள் திக்‌ஷா செயலியில் இருந்தன. 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று ஒன்றிய அரசு அளவில் தொடங்கப்பட்ட தளம் அது. மாநிலங்கள் தங்கள் பாடங்களை அதில் ஏற்றிக்கொள்ளலாம்.

யோசனை நல்ல யோசனை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அச்சுப் புத்தகத்தைத் தூக்கி எறியாமல், அதற்குள்ளேயே ஒரு சன்னலைத் திறந்து வைத்தார்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழிலேயே பாட வீடியோ கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. அதுவரை யூடியூபில் தேடினால் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் குவிந்து கிடக்கும்.

ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் மாணவர் செல்போன் கொண்டுவரக் கூடாது. அது சரியான விதிதான், அதை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அப்படியென்றால் கட்டத்தைத் திறக்க இரண்டு சாவிகள்தான் மிச்சம். ஒன்று ஆசிரியரின் போன், இன்னொன்று வீட்டில் இருக்கும் போன். 2018இல் எங்கள் ஊர் வீடுகளில் பாதிக்கு மேல் பட்டன் போன். டச் போன் இருந்த வீட்டிலும் அது அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

ஒரு புள்ளியை இழுத்தபோது

முதல் வருடம் நடந்ததில் ஒரே ஒரு பீரியடை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

வட்டம் பாடம். ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணம், அதே வில் பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல் இரு மடங்கு. இந்தத் தேற்றத்தைப் பதினைந்து வருடமாகக் கரும்பலகையில் நடத்தியிருக்கிறேன். மூன்று படம் வரைவேன், நிரூபணம் எழுதுவேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடுவார்கள். பரிதியில் புள்ளி எங்கே இருந்தாலும் கோணம் ஒன்றே என்பதை அவர்கள் நம்பினார்களா என்று கேட்டால், வாத்தியார் சொன்னதால் நம்பினார்கள்.

அன்றைக்கு ஜியோஜீப்ராவை என் போனில் முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தேன். ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே ஓடும். எங்கள் ஊருக்கு அதுதான் பெரிய வரம். வட்டம் வரைந்து, ஏ, பி என்று இரண்டு புள்ளி குறித்து, மையக்கோணத்தை 80 டிகிரிக்கு வைத்து, பரிதியில் பி.க்யூ. என்று குழப்பாமல் 'நகரும் புள்ளி' என்றே ஒன்றுக்குப் பெயர் வைத்தேன். ஐந்தைந்து பேராக உட்கார வைத்து போனை நடுவில் வைத்தேன். மற்றவர்களுக்கு அளவுகோலும் கோணமானியும் கொடுத்து அதே படத்தை நோட்டில் வரையச் சொன்னேன்.

ஒரு பெண் விரலை வைத்துப் புள்ளியை இழுத்தாள். கோணம் 40. இன்னும் இழுத்தாள். 40. மேலே கொண்டுபோனாள், பக்கவாட்டில் கொண்டுபோனாள், முக்கோணம் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீண்டது, சப்பையானது, எண் மட்டும் அசையவில்லை. "மாட்டிக்கிச்சா சார்?" என்று கேட்டாள். போன் தொங்கிவிட்டது என்று நினைத்துவிட்டாள். மாட்டவில்லை, அதுதான் தேற்றம் என்றேன். நம்பாமல் மறுபடி இழுத்தாள். அப்புறம் பக்கத்தில் இருந்த பையன் போனைத் தன் பக்கம் திருப்பி, புள்ளியை வேகமாக இழுத்து பி புள்ளியையும் தாண்டி அந்தப் பக்கத்துச் சின்ன வில்லுக்குக் கொண்டுபோய் விட்டான். எண் 140க்குத் தாவியது.

"சார், மாறிடுச்சு!"

ஐந்து தலையும் ஒன்றாகக் குனிந்தன. அங்கேயும் எங்கே இழுத்தாலும் 140. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்தப் பெண்தான் சொன்னாள்: "ரெண்டையும் கூட்டுனா 180 வருது சார்." வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்களை நான் அடுத்த வாரம் நடத்துவதாக இருந்தேன். அதை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்தப் பீரியடில் சாக்பீஸால் முடியாததை ஒரு திரை செய்தது. பாட வீடியோவைப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. வீடியோவில் புள்ளியை நகர்த்துபவர் வேறு யாரோ. பிள்ளை தன் விரலால் நகர்த்தி, தவறாகவும் நகர்த்திப் பார்க்க இடம் இருந்ததால்தான் அந்த 140 வந்தது. பக்கத்தில் நான் இருந்ததால், "மாட்டிக்கிச்சா" என்ற கேள்விக்கு உடனே பதில் கிடைத்தது. இது இல்லாவிட்டால் அந்தப் பெண் போன் கெட்டுவிட்டது என்று கீழே வைத்திருப்பாள்.

மற்றபடி அந்த வருடம் கியூஆர் கோடு எங்கள் பள்ளியில் பெரும்பாலும் அச்சடித்த கட்டமாகவே இருந்தது. மரத்தடிக்குப் போனால் சிக்னல் வரும், வகுப்பறைக்குள் வராது. 2019இல் மாநிலம் முழுக்க உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் 6,029இல் ஹைடெக் லேப் என்ற கணினி ஆய்வகம் அமைக்கும் திட்டம் வந்தது. அது வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. ஆனாலும் ஒரு லேபை அத்தனை வகுப்பும் பங்கு போட்டால் ஒரு செட்டுக்கு வாரத்தில் ஒரு பீரியட் கிடைப்பதே அரிது. அதே ஆண்டு ஆகஸ்ட் 26இல் கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கியது. அரசு கேபிளில் 200ஆம் எண்.

நீல டிக்

அந்தச் செட் பத்தாம் வகுப்புக்கு வந்தது. 2020 மார்ச் 27இல் பொதுத்தேர்வு தொடங்க வேண்டும். ஊரடங்கு வந்தது. தேர்வு தள்ளிப் போனது, இன்னும் தள்ளிப் போனது, கடைசியில் ஜூன் 9 அன்று ரத்து என்று அறிவித்து எல்லாரையும் தேர்ச்சியாக்கினார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம். பிள்ளைகள் பிளஸ் ஒன்னுக்கு வந்தார்கள், ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். புதிதாகப் பத்தாம் வகுப்புக்கு வந்தவர்களுக்கு ஒன்று. பிளஸ் ஒன்னுக்குப் போன பழைய பிள்ளைகளும் கேட்டதால் அவர்களுக்கு ஒன்று. காலை 10 மணிக்குப் பாடம். நோட்டில் எழுதிப் போட்டோ எடுத்துப் போடுவேன், வாய்ஸ் மெசேஜில் விளக்குவேன், புத்தகத்தின் எந்தப் பக்கத்துக் கியூஆர் கோடைத் திறக்க வேண்டும் என்று சொல்வேன். பதில் வராது. பத்து நாள் இப்படியே போனது. பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று வீட்டில் புலம்பினேன். அப்படி நினைத்ததை இன்றைக்கு நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

ஒரு நாள் இரவு, போட்ட மெசேஜை அழுத்திப் பிடித்து யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்தேன். நீல டிக்குக்குப் பக்கத்தில் நேரம் இருந்தது. 8.12. 8.40. 8.47. 9.05. 9.31. வரிசையாக இரவு நேரம். காலையில் பார்த்தவர்கள் நான்கைந்து பேர்தான், அவர்கள் கடை வைத்திருப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

கொத்தனார் வேலைக்குப் போகிற அப்பா, முந்திரி உடைக்கப் போகிற அம்மா, லாரி ஓட்டுகிற அண்ணன். போன் அவர்களோடு காலையில் கிளம்பி, வேலை முடிந்து, இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறது. அப்போதுதான் பாடம் வீட்டுக்குள் நுழைகிறது. அதுவும் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. டேட்டாவில் பகலில் பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும். வட்டம் பாடத்தில் புள்ளியை இழுத்த அந்தப் பெண்ணின் அம்மாவிடம் பேசியபோது சொன்னார்: "சார், அவ அண்ணன் காலேஜு. அவனுக்கு முதல்ல குடுக்கணும்னு இவங்க அப்பா சொல்றாரு. மீதி நெட்டு இருந்தா பாப்பாவுக்கு." அந்த வீட்டில் போன் இருக்கிறதா என்று யாராவது கணக்கெடுத்தால், இருக்கிறது என்றுதான் பதிவாகும்.

கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் ஏசர் ஆய்வறிக்கைகளில் இதைப் பார்க்கலாம். கிராமப்புற இந்தியாவில், பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தவை 2018இல் 36.5 சதவீதம், 2021இல் 67.6 சதவீதம். மூன்றே வருடத்தில் ஏறத்தாழ இரு மடங்கு. இந்த எண்ணைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். அதே 2021 அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: ஸ்மார்ட்போன் உள்ள வீட்டுப் பிள்ளைகளிலேயே 26.1 சதவீதம் பேருக்கு அது படிக்கக் கிடைக்கவில்லை. என் கண்ணுக்கு இந்த இரண்டாவது எண்தான் பெரிதாகத் தெரிகிறது.

அடுத்த நாளே காலை வகுப்பை நிறுத்திவிட்டு இரவு எட்டரைக்கு மாற்றினேன். குரூப்புக்கு உயிர் வந்தது. வீடியோ லிங்க் அனுப்புவதை விட்டேன், அது நெட்டைக் குடித்துவிடும். போட்டோ ஒன்று, இரண்டு நிமிடத்துக்கு மிகாத வாய்ஸ் மெசேஜ் ஒன்று, ஒரே ஒரு கணக்கு. அவ்வளவுதான். பதில் நோட்டுப் படமாக வரும். நான் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவேன். போனே இல்லாத பிள்ளைகளுக்கு அதே கணக்கைத் தாளில் எழுதி, வாரம் ஒரு முறை ரேஷன் கடைப் பக்கம் போய்க் கொடுத்து, போன வாரத் தாளை வாங்கி வந்தேன். எங்கள் பள்ளியில் இதை நான் ஒருவன் மட்டும் செய்யவில்லை. தமிழ் அம்மா ஒருவர் வண்டியில் தெருத்தெருவாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பாடம் நடத்தினார்.

கல்வித் தொலைக்காட்சி ஜூலையிலிருந்து வகுப்புவாரியாக நேரம் போட்டுப் பாடம் ஒளிபரப்பியது. நெட் வேண்டாம், டி.வி. போதும் என்பது பெரிய ஆறுதல். சில பாடங்கள் மிக நன்றாக இருந்தன. ஒரு குறைதான்: புரியாத இடத்தில் கையைத் தூக்க முடியாது. வீட்டில் தம்பி கார்ட்டூன் கேட்டு அழுதால் சேனலும் மாறிவிடும்.

அந்த வருடம் கருவி வழியில் நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ரொம்ப எளிமையான ஒன்று. பிளஸ் டூ பிள்ளைகளிடம் முந்தைய ஆண்டு கொடுத்த மடிக்கணினி இருந்தது. ஹைடெக் லேபில் பாட வீடியோக்களை வைத்துக்கொண்டு, பிள்ளைகளைச் சிறு சிறு குழுவாக வரவழைத்து, அவர்கள் மடிக்கணினியில் ஏற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். முகக்கவசத்தோடு வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். நெட் வேண்டாம், அப்பா வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். கருவி பிள்ளையின் கையிலேயே இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தச் செட்டில் பார்த்தேன். 2019–20க்குப் பிறகு பள்ளிகளில் மடிக்கணினி விநியோகம் நின்றது. என் செட் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. கட்டத்தை முதலில் பார்த்தவர்கள், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் எழுதாமல், பிளஸ் ஒன்னும் தேர்வில்லாமல் தேறி, கடைசிவரை அப்பாவின் போனிலேயே படித்தார்கள்.

திறந்த பிறகு

2021 செப்டம்பர் 1இல் 9 முதல் 12 வரை வகுப்புகள் திறந்தன. நவம்பர் 1இல் சின்ன வகுப்புகள். ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகளிடம் வகுத்தல் கணக்கு போடச் சொன்னேன். கணிசமானவர்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ஏழாம் வகுப்பின் கடைசியில் பள்ளி மூடியபோது வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள்.

இழப்பு எவ்வளவு என்று சின்ன வகுப்புகளைப் பார்த்தால் தெரியும். இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 2018இல் 10.2 சதவீதம், 2022இல் 4.8 சதவீதம் என்றது ஏசர். முன்பே குறைவாக இருந்தது பாதியாகக் குறைந்தது.

அதை ஈடுகட்ட வந்தது இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. ஊரிலேயே படித்த பெண்கள், பெரும்பாலும் இளம் அம்மாக்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கோவில் மண்டபம், சமுதாயக் கூடம், வீட்டு வாசல் என்று கிடைத்த இடத்தில் நடந்தது. கருவி என்று பார்த்தால் சாக்பீஸ், அட்டை, கதைப் புத்தகம்.

அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அப்படி மீண்டதில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. பன்னிரண்டாவது படித்த ஓர் அக்கா, தெருவிளக்கு அடியில், தினம் ஒன்றரை மணி நேரம். அதற்கு அவ்வளவு பலன்.

இதை வைத்துக் கருவியே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். டெல்லியில் இதே முரளிதரனும் சிங்கும் இன்னொருவரும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று உண்டு. நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்த பிறகு மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள் வழியாகப் பயிற்சி. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அதற்கு எது தெரியுமோ அங்கிருந்து அந்த மென்பொருள் தொடங்கும். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் வந்தது. ஆனால் அந்த மையத்தில் 90 நிமிடத்தில் 45 நிமிடம்தான் கம்ப்யூட்டர். மீதி 45 நிமிடம் சின்னக் குழுவாக ஓர் ஆள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். பெரு நாட்டில் மடிக்கணினியை மட்டும் கொடுத்துவிட்டுப் பார்த்தார்கள். 2012இல் வந்த மதிப்பீட்டில் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, என் வகுப்பில் போனைச் சுற்றிக் குனிந்த ஐந்து தலைகள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன.

இப்போது செய்வது

புதுப்புதுக் கருவிகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2023 ஜூலையில் பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி என்ற பாடச் செயலி, தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை, ஆசிரியர்களுக்குக் கைக்கணினி. மணற்கேணியின் சில அசைவூட்டப் பாடங்களை அறிவியல் ஆசிரியர்கள் விரும்பிப் போடுகிறார்கள். இதயத்துக்குள் ரத்தம் போகிற வழியை அப்படிப் பார்த்த பிள்ளைக்குப் படம் வரைய எளிதாக வருகிறது.

என் கணக்கு வகுப்பில் நான் வைத்திருக்கிற முறை இதுதான். அசைத்துப் பார்த்தால்தான் புரியும் என்கிற பாடத்துக்கு மட்டும் திரை. வட்டம், நேர்க்கோட்டின் சாய்வு, முக்கோணவியலில் கோணம் கூடக் கூட சைன் எப்படிப் போகிறது என்பது மாதிரி. ஆளுக்கு ஒரு முறையாவது விரல் வைக்காமல் பீரியட் முடியாது. காரணிப்படுத்தல், வகுத்தல், பின்னம் எல்லாம் நோட்டும் பேனாவும்தான். வீட்டுக்கு வீடியோ வேலை கொடுப்பதில்லை. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருப்பார், போனும் இருக்கும். ஒரே தெருவில் மூன்று பிள்ளைகள் இருந்தால் மூவரும் ஒரு போனில் சேர்ந்து பார்த்துவிட்டு வரட்டும் என்று சொல்லிவிடுகிறேன். அதுவே தனியாகப் பார்ப்பதைவிட நன்றாகப் போகிறது. ஒருவன் நிறுத்தச் சொல்வான், இன்னொருவன் விளக்குவான்.

பெற்றோர் கூட்டத்தில் முன்பெல்லாம் "வீட்டில் ஆண்ட்ராய்டு போன் இருக்கா?" என்று கேட்டு, ஆம், இல்லை என்று குறித்துக்கொள்வேன். இப்போது என் வகுப்பு நோட்டில் அந்தப் பத்திக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்தி போட்டிருக்கிறேன். போன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும், வந்தால் முதலில் யார் கையில் போகும். இந்த ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த ஒரு பெண்ணின் அப்பா, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர், மாதம் இருமுறைதான் ஊருக்கு வருவாராம். பாட்டியோடு இருக்கிறாள். பாட்டியிடம் பட்டன் போன். அவள் பெயருக்கு நேரே நேரம் எழுதும் இடத்தை விட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டு இடைவேளை, ஹைடெக் லேப், செவ்வாயும் வியாழனும் என்று எழுதி வைத்திருக்கிறேன். லேப் சாவியை எச்.எம்.மிடம் கேட்டு வாங்கியாயிற்று.